டல் மேக்கப்புக்கு விருது கொடுக்கும் முன்: நடுவர்களுக்கு ஊட்டியிலிருந்து ஒரு திறந்த மடல்

தேசியத் திரைப்பட விருதுக்கும் தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுக்கும் நடுவர்களாக உட்காரப்போகும் பெரியோர்களுக்கு,

வணக்கம். நான் ஊட்டியில் படப்பிடிப்புகளுக்கு உள்ளூர் ஏற்பாடு செய்கிறவன். கம்பெனி மலையேறி வந்தால் ரூம் போடுவது, வனத்துறைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் கடிதம் தூக்கிக்கொண்டு அலைவது, ஜெனரேட்டர் வண்டி நிறுத்த இடம் பிடிப்பது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, எல்லாம் என் தலையில். விருது விஷயத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு படத்தில் ‘மலைவாழ் மக்கள்’ என்று நிற்பது யார், அவர்கள் முகத்தில் என்ன பூசினார்கள், அந்த மாலை எந்தக் கடையில் வாங்கியது என்பதெல்லாம் உங்களுக்குப் படம் வந்து சேருவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். பழங்குடி மக்களைப் பற்றியோ, ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டுக்கொண்டோ ஒரு படம் வந்தால், இது யாருடைய கதை, அந்த ஆட்கள் படத்தில் எங்கே இருக்கிறார்கள், நடந்ததில் எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று படம் எடுத்தவர்களிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்புறம் விருதைப் பற்றி யோசியுங்கள்.

சில வருஷம் முன்னால் ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். ‘ட்ரைபல் லுக்கில் ஒரு முப்பது பேர் வேணும்’ என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். கோத்தகிரிப் பக்கத்து இருளர், குறும்பர் ஊர்களில் எனக்குப் பழக்கம் உண்டு. வேன் வைத்துக் கூட்டிவந்தேன். பொழுது விடியவில்லை, வாயைத் திறந்தால் புகை. உதவி இயக்குநர் பையன் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து டார்ச் அடித்துப் பார்த்தான். சுடிதார் போட்டிருந்த பெண்களை ஒதுக்கினான். காலேஜ் படிக்கிற பையனை ஒதுக்கினான், அவன் முடிவெட்டு சரியில்லையாம். ஒரு அம்மாவைப் பார்த்து, “இவங்க ட்ரைபல் மாதிரியே இல்லையே அண்ணா” என்றான். அந்த அம்மா இருளர், அவரைப் பெற்றவர்களும் இருளர். அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

தேறியவர்களுக்கு மேக்கப். உதவியாளர் ஒருவர் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, கருத்த பேன்கேக்கில் ஒற்றி, முகம், கழுத்து, முழங்கை வரை தேய்த்துக்கொண்டே போனார். அந்தக் குளிரில் ஈர ஸ்பாஞ்ச் பட்டதும் ஒரு தாத்தாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. காதுக்குப் பின்னால் மட்டும் பூசவில்லை, கேமராவில் அங்கே தெரியாதாம். பிறகு இலை, இறகு, பிளாஸ்டிக் எலும்பு மாலை. கேரவனில் கதாநாயகிக்கு டல் மேக்கப், அதாவது நிறத்தைக் கருப்பாக்கும் பூச்சு, முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மும்பையிலிருந்து வந்த சிவத்த பெண். கதைப்படி அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒதுக்கப்பட்ட காலேஜ் பையன் கேரவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த அக்காவுக்குக் கருப்புப் பூசுற நேரத்துல எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்திக்கு வசனம் சொல்லிக் குடுத்திருக்கலாமே அண்ணா?” என்றான். திருப்பி அனுப்பியவர்களுக்குப் பாதி பேட்டா வாங்கவே பேக்கப் வரை நான் கத்த வேண்டியிருந்தது, அது தனிக் கதை.

இப்படி வரிசையில் நிற்கவைத்துப் பார்ப்பது எங்கள் மலைக்குப் புதிதில்லை. 1890களில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இங்கே வந்து தோதவர், கோத்தர், படுகர் எல்லோருடைய தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து புத்தகம் போட்டார். அவர் கையிலாவது ஒரு கருவி இருந்தது. இந்தப் பையனுக்கு டார்ச் லைட் போதுமானதாக இருந்தது.

விருதில் இனப் பாகுபாடு என்று பேச்செடுத்தால் உடனே ஆஸ்கரைக் காட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்கிறோம். அங்கே நடந்ததும் சாதாரணமில்லை. 1940இல் ஹாட்டி மெக்டேனியல் சிறந்த துணை நடிகை ஆனார், ஆஸ்கர் வாங்கிய முதல் கருப்பினத்தவர். விழா நடந்த ஹோட்டலில் கருப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. சிறப்பு அனுமதி வாங்கி உள்ளே விட்டு, சக நடிகர்களோடு சேர்க்காமல் ஓரமாக ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு சீன விவசாயப் பெண்ணாக வேடம் கட்டிய வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரெய்னருக்குச் சிறந்த நடிகை விருது. அதே ஊரில் அன்னா மே வோங் என்று பெயர்பெற்ற சீன வம்சாவளி நடிகை இருந்தார். நாயகன் வேடம் வெள்ளைக்காரருக்குப் போனதும், வேறு வேறு இனத்தவர் ஜோடியாக நடிக்கக் கூடாது என்ற அன்றைய கட்டுப்பாட்டால் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. 2015, 2016 இரண்டு வருஷமும் நடிப்புப் பிரிவில் பரிந்துரையான இருபது பேரும் வெள்ளையர்கள். அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில்தான் ஆஸ்கர் கொடுக்கும் அகாடமி அசைந்தது. 2024 விழாவிலிருந்து சிறந்த படத்துக்குப் போட்டியிட, திரையிலும் திரைக்குப் பின்னாலும் யாரெல்லாம் வேலை செய்தார்கள் என்று கணக்குக் காட்டியாக வேண்டும். அந்த விதியில் ஓட்டை ஆயிரம் இருக்கலாம். படிவம் என்று ஒன்று வந்துவிட்டது, அதுவே பெரிது.

அந்தக் கதையில் எங்கள் ரயிலுக்கும் பங்கு உண்டு. டேவிட் லீன் 1984இல் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் குகை பார்க்கப் போகிற ரயில் நீலகிரி மலை ரயில்தான். கதை நடப்பது கங்கைக் கரையில். பல்சக்கரம் வைத்து மலை ஏறுகிற ரயிலுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சும்மா இருக்கட்டும் என்பேன், அவ்வளவு அழகாக எடுத்திருக்கிறார். எனக்கு உறுத்துவது வேறு. அதில் பேராசிரியர் கோட்போலே என்கிற இந்திய பிராமணராக ஆங்கிலேய நடிகர் அலெக் கின்னஸ் முகத்தில் பழுப்புப் பூசிக்கொண்டு வருகிறார். வெள்ளைக்காரப் பெண்ணின் பொய்ப் புகாரில் மாட்டிக்கொள்ளும் டாக்டர் அஜீஸாக நடித்தவர் விக்டர் பானர்ஜி. கதையே அவர் மேல்தான் நிற்கிறது. படத்துக்குப் பதினொரு ஆஸ்கர் பரிந்துரை. நடிப்பில் பெக்கி ஆஷ்கிராஃப்ட் வாங்கினார், ஜூடி டேவிஸ் பரிந்துரை வரை போனார். விக்டர் பானர்ஜி பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சரி, அது வெள்ளைக்காரன் சமாச்சாரம். நம் வீட்டுக்கு வருவோம்.

அப்பர் பவானியில் பிறக்கிற பவானி ஆறு கேரளத்து அட்டப்பாடிக்குள் புகுந்து சுற்றிவிட்டுத்தான் திரும்பத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அந்த அட்டப்பாடியில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டு பாடியவர் நஞ்சியம்மா, இருளர். ‘ஐயப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தில் அவர் தன் மொழியிலேயே எழுதிப் பாடிய பாட்டுக்கு 2022இல் அறிவித்த 68ஆவது தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் செய்த காரியம், அதற்கு ஒரு கும்பிடு.

அறிவிப்பு வந்த கையோடு என்ன நடந்தது? சுருதி சேர்த்து ஒரு சாதாரணப் பாட்டுப் பாடத் தெரியாதவருக்கு எப்படிக் கொடுக்கலாம், காலமெல்லாம் சாதகம் செய்தவர்களுக்கு இது அவமானம் இல்லையா என்று இசைத்துறையிலிருந்தே ஒரு குரல் எழுந்தது. பல இசைக்கலைஞர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த முதல் கேள்வியை நான் பல நாள் மனதில் போட்டுப் பார்த்தேன். விருது ஒரு பாட்டுக்கு. அந்தப் பாட்டை அந்த அம்மாவைவிட நன்றாகப் பாட யாரால் முடியும்? கர்நாடக சங்கீதம் தெரிந்தவர் இருளர் பாட்டைப் பாடினால் ‘பரிசோதனை முயற்சி’ என்று பாராட்டுகிறோம். இருளர் பெண் இருளர் பாட்டைப் பாடினால் பயிற்சி இருக்கிறதா என்று சான்றிதழ் கேட்கிறோம். குழந்தையைத் தூங்கவைக்கவும் சாவு வீட்டிலும் விதைக்கும்போதும் பாடிப்பாடி வந்த குரலுக்கு அதைவிட என்ன சாதகம் வேண்டுமோ தெரியவில்லை. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் அவர் அந்த விருதை வாங்கினார். கொடுத்தவர் சந்தால் பழங்குடி, வாங்கியவர் இருளர் பழங்குடி. அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள், “இதுல கோட்டா இருக்கா?” என்று கேட்டார். இசைத்துறையில் எழுந்த கேள்விக்கும் டீக்கடைக் கேள்விக்கும் தூரம் அதிகமில்லை.

அடுத்தது ‘உண்மைச் சம்பவம்’ என்கிற முத்திரை. இதுதான் இப்போது பெரிய வியாபாரம்.

‘தி கேரளா ஸ்டோரி’ டீசரில், கேரளத்தில் மதம் மாற்றி வெளிநாட்டுப் பயங்கரவாதிகளிடம் சேர்க்கப்பட்டவர்கள் 32 ஆயிரம் பெண்கள் என்றார்கள். கேள்வி எழுந்ததும் அது மூன்று பெண்களின் கதையாகச் சுருங்கிற்று. அந்த 32 ஆயிரத்துக்கு ஆதாரமில்லை, படம் கற்பனை கலந்தது என்று அறிவிப்புப் போடும்படி ஆயிற்று, உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு. 2025இல் அதே படத்துக்குச் சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருது. கேரள முதல்வர் கண்டித்தார், சிலர் கொண்டாடினார்கள், மற்றபடி நாடு அடுத்த வேலையைப் பார்த்தது. அறிவிப்புப் போடவைத்த படத்துக்கு விருது கொடுக்கும்போது, எந்த அளவுகோலில் கொடுத்தோம் என்று நான்கு வரி எழுதி வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்?

எனக்குப் பிடித்த படங்களையும் இதில் விட்டுவைக்க மாட்டேன். ‘ஜெய் பீம்’ பார்த்து அழுதவன் நான். 2023இல் அதற்குத் தேசிய விருது இல்லை என்றதும் பலரைப் போல எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் படத்துக்கு மூலமான 1993 சம்பவத்தில் போலீஸ் காவலில் செத்துப்போன ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர். நாயகி லிஜோமோல் ஜோஸ் பிரமாதமாக நடித்தார், அவர் நிறத்தையும் கருப்பாக்கித்தான் நடிக்கவைத்தார்கள். படம் வந்தபோது பெரிய சண்டை எதற்கு நடந்தது, ஞாபகமிருக்கிறதா? சுவரில் ஒரு சமூகத்தின் சின்னத்தோடு தொங்கிய ஒரு காலண்டருக்கு. பலம் உள்ள சமூகம் சத்தம் போட்டது, காலண்டரை மாற்றினார்கள். செத்தவரின் சமூகத்தையே மாற்றியிருந்தார்கள், அதைப் பேசியவர்கள் சொற்பம். சமவெளி இருளர் பேச்சு வேறு, எங்கள் மலை இருளர் பேச்சு வேறு என்பதெல்லாம் அப்புறம்.

நான் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவன், அதனால் ‘பரதேசி’ படம் என்றால் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும். டாக்டர் பி. எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்து, தொழிலாளர் சங்கம் கட்டியவர். அங்கே தெரிந்துகொண்டதை வைத்து அவர் 1969இல் எழுதிய நாவலிலிருந்து வந்த படம் அது. டேனியல் கிறிஸ்தவர். நாவலில் வருகிற மருத்துவர் கூலிக்காரர்களுக்காக நிற்கிறவர். படத்தில் வருகிற மருத்துவர் ஆடிப்பாடி மதம் மாற்றுகிறவர். சாக்குத் துணி உடைக்கு அந்தப் படம் தேசிய விருது வாங்கியது. உடை நிஜம்தான், எங்கள் பாட்டி சொன்ன மாதிரியே இருந்தது. அந்த உடை போட்டவர்களுக்காகப் போராடிய மனிதனைத்தான் படத்தில் தேட வேண்டியிருந்தது.

2023 மார்ச்சில் ஒரே இரவில் மூன்று விஷயம் நடந்தது. மிஷெல் யோவுக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர். லூயிஸ் ரெய்னர் சீனப் பெண்ணாக வேடம் கட்டி வாங்கி 85 வருஷம் கழித்து, அந்த விருது ஒரு ஆசியப் பெண்ணிடம் வந்தது. ‘ஆர்ஆர்ஆர்’ பாட்டுக்கு ஒரு ஆஸ்கர். நல்ல பாட்டு, எங்கள் ஊர் ஆண்டு விழாவில் இன்னும் ஆடுகிறார்கள். அந்தப் படத்தில் வருகிற கொமரம் பீம் நிஜத்தில் கோண்டுப் பழங்குடித் தலைவர், நிஜாம் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்கும் நிலத்துக்கும் போராடி 1940இல் கொல்லப்பட்டவர். படத்தில் வெள்ளைக்காரனோடு மோதுகிறார், கடைசியில் இன்னொரு நாயகனான, பழங்குடி அல்லாத அல்லூரி சீதாராம ராஜுவிடம் படிப்பை வரமாகக் கேட்கிறார். கற்பனைக் கதை என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள், தெரியும். கற்பனை செய்யும்போதும் பழங்குடி ஆள்தான் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டுமா என்பது என் கேள்வி.

மூன்றாவது எங்களுடையது. ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு, அம்மு என்ற யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. இருவரும் காட்டுநாயக்கர் பழங்குடி. டல் மேக்கப் கிடையாது, இறகு கிடையாது, அவர்கள் பேசுகிற தமிழே படத்தின் தமிழ். உலகத்துக்குப் புரிந்தது, ஆஸ்கரும் வந்தது. ‘நிஜ ஆள் வைத்தால் ஓடாது சார்’ என்று எனக்குச் சொல்லும் கம்பெனிகளுக்கு அன்றிலிருந்து நான் காட்டுவது இந்தப் படத்தைத்தான். தமிழ்நாடு அரசு தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்களின் பாகன், காவடி (பாகனின் உதவியாளர்) 91 பேருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தது நல்ல காரியம். கேமரா முன் வந்தவர்கள் மட்டும் யானை வளர்க்கவில்லை. ஆஸ்கர் மேடை ஏறும்போது மட்டும் பொம்மனும் பெள்ளியும் அங்கே இல்லை. சில மாதத்தில் பணம், வாக்குறுதி என்று வக்கீல் நோட்டீஸ் வரை போனது, தயாரித்தவர்கள் மறுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் நீதிபதி இல்லை. நிஜ மனிதர்களை வைத்துப் படம் எடுப்பவர்கள் அவர்களோடு என்ன ஒப்பந்தம் போட்டார்கள், அது அவர்களுக்குப் புரிகிற மொழியில் இருந்ததா என்பதையும் விருதுக்கு அனுப்பும்போதே சேர்த்துக் கொடுத்தால் இப்படி ஒரு நிலைமை யாருக்கும் வராது.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே, இருளராக இருளர்தான் நடிக்க வேண்டும் என்றால் கலை எங்கே என்பீர்கள். நியாயம்தான். கோத்தகிரி இருளர் பெண் ஒருத்தி கலெக்டராக, டாக்டராக, கதாநாயகனின் மாமியாராக நடித்துவிட்டு வரட்டும், அன்றைக்கு நானும் இந்த வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். இப்போது மாறுவது ஒரு பக்கம் மட்டும்தான். அவர்கள் வேடத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மற்ற வேடம் அவர்களுக்குக் கிடையாது, அவர்கள் வேடத்திலேயே ‘ட்ரைபல் மாதிரி இல்லை’ என்று வண்டி ஏற்றிவிடலாம்.

ஆகவே கேட்கிறேன். நிறத்தைக் கருப்பாக்கியதை ‘தத்ரூபமான ஒப்பனை’ என்று பாராட்டி மேக்கப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். தோதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், ஆறு சமூகமும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். தமிழ், மலையாளப் படங்களைப் பார்க்கிற குழுவில் அவர்களில் ஒருவர் உட்கார்ந்தால் கோத்தர் வாத்தியத்தைக் குறும்பர் கையில் கொடுத்திருப்பதும், தோதவர் போர்வையை வில்லன் தோளில் போட்டிருப்பதும் முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். பட்டதாரிகள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆள் கிடைக்கவில்லை என்ற சாக்கு இனி செல்லாது. சட்டதிட்டத்தில் இடமில்லை என்றால் ஆலோசகர் என்றாவது கூப்பிடுங்கள், உங்களுக்குக் கொடுக்கிற அதே படியும் அதே ஹோட்டலும் கொடுத்து.

அதுவும் முடியாது என்றால் நீங்கள் வாருங்கள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு மண்டபம் பிடித்து, திரை கட்டி, ஊர்களுக்கு வேன் அனுப்பி ஆட்களைக் கூட்டிவருவது என் பொறுப்பு. படம் முடிந்ததும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் எல்லாம் சிரித்திருப்பார்கள், ஏன் என்று கேளுங்கள். இ-பாஸ் நானே எடுத்து அனுப்புகிறேன். மே மாதம் மட்டும் வேண்டாம், சீசனில் ரூமும் கிடைக்காது, பர்லியாறு தாண்டி வண்டியும் நகராது.

இப்படிக்கு,
ஊட்டியிலிருந்து ஒரு லொக்கேஷன் ஆள்